500 பொன்னுக்கு ஓர் உயிர்: பட்டர்வொர்த் பெற்றோருக்குப் பதில்

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அப்பாவும் அம்மாவும் எழுதியிருக்கிறார்கள். மகள் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்திருக்கிறாள். உயிரியலிலும் வேதியியலிலும் பி, மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் ஏ. கிள்ளானில் இருக்கும் பெரியப்பா ஒரு தனியார் கல்லூரியில் மருத்துவத்துக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறார். மகளோ மூன்று வருடமாக நோட்டு நோட்டாக இல்லாத ஊர்களுக்குச் சாமிகளை எழுதுகிறாள். எல்லாம் கருணைச் சாமிகள். அவற்றுக்குப் பூசாரிகள், மடங்கள், நோன்புகள். சனிக்கிழமைகளில் நான்கு தோழிகளோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறாள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் பாத்திரங்களாக மாறிப் பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டம் அது. "நம்ம சாமியை மறந்திடுவாளோ" என்பது அம்மாவின் கவலை, "படிப்பு பாழாயிடுமோ" என்பது அப்பாவின் கவலை. நோட்டிலிருந்து பத்துப் பக்கங்களைப் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறார்கள்.

அம்மா, உங்கள் கவலையை இன்றே இறக்கி வையுங்கள். அந்த ஆட்டத்தில் சாமி என்பது கதையும் விதியும் சேர்ந்த ஒரு பாத்திரம். ஆடுகிறவர்கள் யாரும் அதைக் கும்பிடுவதில்லை.

ஐயா, உங்களுக்கு ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை. பெரியப்பா கொண்டுவந்த கட்டணத் தாளைத்தான் நீங்கள் பயந்து பார்க்க வேண்டும். பல தனியார் கல்லூரிகளில் ஐந்து வருட மருத்துவப் படிப்பு 3 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டுகிறது. அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். அதை முழுதாக அடைக்காது. மிச்சத்துக்கு வீட்டை அடமானம் வைக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்து முடித்தால் இரண்டு வருடம் பயிற்சி மருத்துவர். 2016 டிசம்பரிலிருந்து அரசு மருத்துவமனைகளில் புதியவர்கள் ஒப்பந்தத்தில்தான் தொடங்குகிறார்கள், நிரந்தர வேலைக்கு உறுதி இல்லை. 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மருத்துவத்தை மனதார விரும்புகிற பிள்ளை இதையெல்லாம் தாங்கிக்கொண்டு நல்ல மருத்துவராக வருவாள். உங்கள் மகளோ விருப்பமில்லை என்று கடிதத்தின் அடியில் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். வீட்டை அடமானம் வைக்காதீர்கள். "குடும்பத்துல ஒரு டாக்டராவது வேணும்" என்கிற பெரியப்பா அந்தக் கடனில் கையெழுத்துப் போடப்போவதில்லை.

மெட்ரிகுலேஷன், ஆசிரியர் பயிற்சி, கணக்கியல் பற்றியெல்லாம் அவள் பள்ளி ஆசிரியர்களே சொல்லிவிடுவார்கள். நான் அந்த நோட்டைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் வேறு யாரும் பேசப்போவதில்லை.

ஏழாம் பக்கத்தில் அவள் ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள். அந்த ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டு விதிநூலின்படி இறந்தவரை எழுப்பும் மந்திரத்துக்கு 500 பொன் மதிப்புள்ள வைரம் வேண்டும், மந்திரம் முடிந்ததும் வைரம் அழிந்துவிடும். அதே விதியில் சாதாரணக் கூலியாளின் நாள் சம்பளம் இரண்டு வெள்ளி, பத்து வெள்ளி ஒரு பொன். ஆக 500 பொன் சேர 2,500 நாள், கிட்டத்தட்ட ஏழு வருட உழைப்பு. இறந்து பத்து நாளுக்குள் எழுப்பியாக வேண்டும். அதற்குக் கீழே அவள் எழுதியிருப்பது: "இந்தச் சாமி கருணைச் சாமி என்றால், கூலிக்காரன் பிள்ளை மட்டும் ஏன் எழவில்லை? பூசாரி என்ன பதில் சொல்வார்?"

விளையாட்டுகளுக்குக் கதை எழுதும் துறையில் சம்பளம் வாங்கி எழுதுகிறவர்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. கருணைச் சாமியை எழுதுவது கொடிய சாமியை எழுதுவதைவிடக் கடினம். கொடியவனுக்கு ஒரு சதி போதும், கதை ஓடிவிடும். எல்லாம் தருகிற சாமி இருந்தால் ஆடுகிறவர்களுக்கு வேலை இல்லை, கதை நின்றுவிடும். அதனால் நல்ல சாமி எதைத் தராது, ஏன் தராது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பெரிய உலகங்கள் அப்படித்தான் நிற்கின்றன. அந்த ஆட்டத்தின் கற்பனை உலகங்களில் ஒன்றான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் இல்மாட்டர் என்ற சாமி பிறர் துன்பத்தைத் தான் வாங்கிக்கொள்பவர், அவர் சின்னம் சிவப்புக் கயிற்றால் கட்டிய இரண்டு வெள்ளைக் கைகள். விடியலின் சாமி லதாண்டர் நல்லவர்தான். ஆனால் தேவர் கூட்டத்தையே தன் விருப்பப்படி திருத்தி அமைக்கப் போய்ப் பேரழிவுக்குக் காரணமானவர். அந்த உலகத்தின் 1358ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பிறகு, சாமிகளின் பலம் பக்தர்களின் நம்பிக்கையைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது. அந்த நாளிலிருந்து நல்ல சாமிகளின் பூசாரிகளுக்கும் ஆள் சேர்க்க வேண்டிய கட்டாயம் வந்தது. கருணைக்கும் ஆள் கணக்குக்கும் நடுவே பூசாரி மாட்டிக்கொள்கிற இடத்தில்தான் கதை பிறக்கிறது.

இந்த உலகத்தை உருவாக்கிய எட் கிரீன்வுட் கனடாக்காரர். 1967 வாக்கில், சிறுவனாக இருந்தபோதே எழுதத் தொடங்கியவர். பிறகு பல வருடம் நூலகத்தில் வேலை பார்த்தார். இந்த வேலை விவரம் உங்களுக்காகச் சொல்வது, ஐயா. சம்பள வேலையும் இந்த எழுத்தும் ஒரே வீட்டில் இருக்க முடியும்.

இதே உலகத்தில் நடக்கும் பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டு 2023 ஆகஸ்டில் வெளிவந்தது. அதன் முக்கியப் பாத்திரங்களில் ஒருத்தி இருள் தெய்வத்தின் பூசாரி. அந்தத் தெய்வத்துக்கும் நிலாத் தெய்வத்துக்கும் நடுவே அவள் எந்தப் பக்கம் போகிறாள் என்பதே அவள் கதை. அந்த விளையாட்டைச் செய்த லேரியன் நிறுவனத்துக்குக் கோலாலம்பூரிலும் ஒரு கிளை இருக்கிறது. வேலை அங்கே காத்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இங்குள்ள விளையாட்டு நிறுவனங்கள் பலவற்றில் வரைகலை வேலைதான் அதிகம், எழுத்துக்கென்றே இடம் குறைவு. பிழை சோதனை, மொழிபெயர்ப்பு வழியாக உள்ளே போய்ப் பிறகு எழுத்துக்கு நகர்வது நடைமுறையில் உள்ள பாதை. மூன்று மொழியிலும் ஏ வாங்கிய பிள்ளைக்கு அந்தக் கதவு மற்றவர்களைவிடக் கொஞ்சம் சுலபமாகத் திறக்கும்.

உள்ளே போகச் சான்றிதழோடு கையில் வேலையும் இருக்க வேண்டும். தங்கச்சி, இனி உனக்கு.

பத்து நோட்டை யாரும் படிக்க மாட்டார்கள். மூன்று பொருள் செய். முதலாவது, ஒரே ஒரு சாமியைப் பற்றி இரண்டு பக்கம். சின்னம், மூன்று கட்டளைகள், ஒரு மறுப்பு, ஆதிக்கத் துறை, அதாவது சாமியின் சக்தி செல்லும் பகுதி, ஒன்று அல்லது இரண்டு. 2014 விதிநூலில் ஏழு துறைகள் உண்டு. உன் விளக்குச் சாமிக்கு நீ நான்கைக் கொடுத்திருக்கிறாய், அதனால்தான் அவர் யாரென்றே தெரியவில்லை. வாழ்வு என்ற துறையை மட்டும் வைத்துக்கொள். பத்துப் பக்க வரலாற்றை வெட்டு. ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மேசைக்கு வர முடியாத எதுவும் இந்தத் தாளில் வேண்டாம்.

உன் பூசாரிகள் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். அதைத் திருத்த நீ எங்கும் போக வேண்டாம். தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் பாதையில் பந்தலில் நின்று மோர் ஊற்றியவள் நீ. பாத்திரக் கணக்கு யார் கையில், வெள்ளி ரதம் வரும்போது முன்னால் நிற்க யாருக்கு உரிமை, முதல் மாலை மரியாதையில் யாருக்கு மனத்தாங்கல், உபயக்காரர் பணம் தராமல் போனால் அன்னதானம் எப்படி நடக்கிறது, இதெல்லாம் உனக்குத் தெரியும். உன் மடத்தில் ஐந்து பேரை வை: சாவி வைத்திருப்பவர், சமைப்பவர், புதிதாக வந்த பிள்ளை, நம்பிக்கை போய்விட்டும் வெளியேறாதவர், வெளியேறிவிட்டும் நம்பிக்கை போகாதவர். கோயில் நடக்கும் விதத்தை எடுத்துக்கொள், சாமியை எடுக்காதே. முருகனுக்குப் பெயர் மாற்றி விளையாட்டில் வைத்தால் உன் அம்மா மனம் புண்படும், வெளியூர்க்காரனுக்கும் ஒன்றும் புரியாது.

இரண்டாவது, நான்கு மணி நேரத்தில் ஆடி முடிக்கிற ஒரு சாகசம், பன்னிரண்டு பக்கத்துக்குள். உன் ஒன்பதாம் பக்கத்துக் கொள்ளைநோய் ஊரையே எடு. 200 நோயாளிகள், ஐந்தாம் நிலைப் பூசாரி ஒருவர். மந்திரங்களுக்குப் பலத்தைப் பொறுத்துப் படி உண்டு, நோய் நீக்கும் மந்திரம் இரண்டாம் படி. 2014 விதியில் அவருக்கு ஒரு நாளைக்கு இரண்டாம் படி மூன்று முறை, மூன்றாம் படி இரண்டு முறை கிடைக்கும், மூன்றாம் படியையும் இதற்கே செலவிடலாம். ஆக நாளைக்கு ஐந்து பேர். எல்லாரும் குணமாக 40 நாள். நோய் பத்து நாளில் கொல்லும் என்று வைத்தால் 50 பேர் பிழைப்பார்கள். வரிசையை யார் எழுதுவது? அதுதான் சாகசம், அரக்கன் தேவையே இல்லை. உன் எழுத்தில் பூசாரி காசு வாங்கி மருந்து தரும் கடைக்காரர் மாதிரி நிற்கிறார். அவரை அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காதவராக எழுது.

சத்தமாக வாசிக்கும் பத்திகள் 60 சொல்லைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் கேட்பவர்கள் கைப்பேசியை எடுப்பார்கள். உன் தோழிகளோடு மட்டும் ஆடிப் பார்க்காதே, அவர்களுக்கு உன் மனம் தெரியும். முன்பின் தெரியாத மூன்று குழுக்களுக்குக் கொடு. நீ விளக்கம் சொல்லாமல் ஓரமாக உட்கார்ந்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள். முடிந்ததும் சாமியின் கட்டளைகளைக் கேள். மூன்றில் இரண்டு கட்டளைகளாவது நினைவில் இல்லை என்றால் கட்டளைகளைத் திரும்ப எழுது.

மூன்றாவது, கிளை பிரியும் கதை செய்ய உதவும் ட்வைன் அல்லது இங்க் மென்பொருள் கொண்டு செய்த ஓர் உரையாடல். இரண்டும் இலவசம். பிள்ளையை எழுப்பித் தரச்சொல்லி வரும் தகப்பனிடம் பூசாரி முடியாது என்று சொல்ல வேண்டும், மூன்று விதமாக. 1,500 சொல் போதும். விளையாட்டு நிறுவனத்துக்கு இதை முதலில் காட்டு, படிக்கப் பத்து நிமிடம்தான் ஆகும்.

உரிமை விஷயத்தில் கவனம். இல்மாட்டர், லதாண்டர் போன்ற பெயர்களை வைத்து நீயாக விற்க முடியாது. ஆட்டத்தின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அதை வைத்து விற்கலாம். இந்த ஆட்டத்துக்கு ரசிகர்கள் எழுதியதை விற்கும் டி.எம்ஸ் கில்ட் தளத்தில் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் சாமிகளையும் பயன்படுத்தலாம், விற்பனையில் பாதி உனக்கு. ஆனால் அங்கே போட்டதை வேறு இடத்தில் விற்க முடியாது, நீ படைத்த பாத்திரங்களை அந்தத் தளத்தின் மற்ற எழுத்தாளர்களும் எடுத்தாளலாம். அதனால் உன் விளக்குச் சாமியை அங்கே கொண்டுபோகாதே. அவர், படைத்தவர்களே தங்கள் விளையாட்டை விற்கும் இட்ச்.ஐஓ தளத்துக்குப் போகட்டும், தளத்தின் பங்கு எவ்வளவு என்பதை நீயே முடிவு செய்யலாம். பழகுவதற்கு ஒரு சிறிய இல்மாட்டர் மடத்தை எழுதி டி.எம்ஸ் கில்டில் போடு.

ஐயா, அம்மா, இதற்கெல்லாம் ஆகும் காலம், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தின் ஒன்றரை வருடம். அரசுப் பள்ளி, செலவு மிகக் குறைவு. பெங்காஜியான் அம் என்ற பொதுப்பாடம், தமிழ், வரலாறு, ஆங்கில இலக்கியம் என நான்கு பாடம். ஆங்கில இலக்கியம் எல்லாப் பள்ளியிலும் இல்லை, சேருமுன் கேளுங்கள். பிறகு பினாங்கிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யூ.எஸ்.எம்.மில் மொழிபெயர்ப்போ மனிதவியலோ, அல்லது மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இலிருந்து இயங்கும் இந்திய ஆய்வியல் துறையோ. விளையாட்டு எழுத்தில் இடம் கிடைக்காவிட்டாலும் அந்தப் பட்டத்துக்கு வேறு வேலை உண்டு. விளையாட்டு வடிவமைப்பு என்று பெரிய கட்டணத்தில் தனியார் டிப்ளமா விற்கிறவர்களிடமும் போகாதீர்கள். மருத்துவத்துக்குச் சொன்ன அதே காரணம்தான்: கடன் உங்கள் பெயரில் இருக்கும், அவள் கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

பெரியப்பாவிடம் நீங்களே பேசுங்கள், அவளைப் பேச விடாதீர்கள். அவர் அன்பினால்தான் சொல்கிறார், அதை மதித்தே மறுக்கலாம். அவள் ஏழாம் பக்கத்து ஓரத்தில் இன்னொரு விதியும் குறித்திருக்கிறாள். வைரம் இருந்தாலும், பூசாரி இருந்தாலும், அந்த ஆன்மாவுக்குத் திரும்பி வர விருப்பம் இல்லையென்றால் மந்திரம் பலிக்காது. அந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

கல்லூரிக்கு முன்பணம் கட்டிவிட்டதாகக் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள். ரசீதையும் சேர்க்கைக் கடிதத்தையும் இன்றிரவே எடுத்துப் பாருங்கள். பணத்தைத் திரும்பக் கேட்பதற்கான கெடு தேதி அதில் இருக்கும். கடிதமாக எழுதி நேரில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.