ரசத்தில் மாத்திரை கலக்கலாமா?

கேள்வி: என் கணவர் காரைக்குடிப் பக்கம் கல்யாணச் சமையல் மாஸ்டர். வயது 44. பந்தி முடிந்ததும் குடி. இப்போது காலையில் கை நடுங்குகிறது. கொஞ்சம் குடித்தால்தான் நிற்கிறது. ரசத்தில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி, குடியை மறக்க ஒரு மாத்திரை வாங்கித் தந்திருக்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: கொடுக்காதீர்கள். அட்டையின் பின்னால் டைசல்ஃபிராம் என்று இருக்கிறதா பாருங்கள். மது உடலுக்குள் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, அப்புறம் அதுவும் சிதைந்துபோகும். இந்த மாத்திரை அந்தச் சிதைவைத் தடுத்துவிடும். அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதயக் கோளாறு இருந்தால் உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து உண்டு. தெரிந்து சாப்பிடுகிறவர் மதுவை மட்டுமல்ல, ஆல்கஹால் இருக்கும் அரிஷ்டம், இருமல் மருந்தைக்கூட ஒதுக்குவார். தெரியாதவர் எதை ஒதுக்குவார்?

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கை நடுக்கம்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. உடல் மதுவுக்குப் பழகிவிட்டது. இந்த நிலையில் இருப்பவர் பழனி பாதயாத்திரைக்கு மாலை போட்டுச் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாதது கண்ணில் தெரியும், ஆள் பிதற்றுவார். இதுவும் உயிருக்கு ஆபத்து. அதனால் மருத்துவர் பார்க்கும்வரை தானாக நிறுத்த வேண்டாம். ஆஸ்பத்திரியில் நடுக்கத்துக்கான மாத்திரையைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட்டு, பெரும்பாலும் ஒரு வாரத்தில் இந்தக் கட்டத்தைத் தாண்ட வைப்பார்கள்.

அப்புறம்தான் ஆசையை அடக்கும் மருந்து. உங்கள் கணவருக்கு நான் முதலில் யோசிப்பது நால்ட்ரெக்சோன். வழக்கமாகத் தினம் 50 மி.கி. குடியில் கிடைக்கும் சுகத்தை மழுங்கடிக்கும். இடையில் சறுக்கிக் குடித்தாலும் டைசல்ஃபிராம் போலத் தூக்கிப்போடாது. கல்லீரல் பரிசோதனை அவசியம். அடுப்படியில் நின்று நின்று வரும் இடுப்பு வலிக்கு டிரமடால் சாப்பிடுகிறார் என்றால் இதைக் கொடுக்கக் கூடாது. கல்லீரல் கெட்டிருந்தால் அகாம்ப்ரோசேட் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும், தினம் மூன்று வேளை. முகூர்த்த நாளில் மதிய வேளையைச் சமையல்காரர் மறந்துவிடுவார்! டைசல்ஃபிராமும் மோசமான மருந்தல்ல. அவரே சம்மதித்து, தினமும் உங்கள் கையால் வாங்கிச் சாப்பிட்டால் நன்றாகவே உதவும்.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதற்குமுன் பேச வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை. குடியை விடச் சொல்லி ஆரம்பித்தால் சண்டைதான் வரும். “கை நடுங்குதே, காட்டிட்டு வருவோம்” என்று கூப்பிடுங்கள். அந்த அட்டையையும் எடுத்துப்போங்கள். ஏற்கெனவே ஓரிரு வேளை கலந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.