பஸ்ஸில் வந்த ஓட்டு

கேள்வி: கனடா எம்.பி.யாக இருந்த ஹான் டாங்குக்காகச் சீன மாணவர்களை பஸ்ஸில் கூட்டிவந்து ஓட்டுப் போட வைத்தார்களாமே? குடியேறியவர்களின் விசுவாசம் கடைசியில் பிறந்த நாட்டுக்குத்தானே? (ஒரு வாசகர், மார்க்கம், கனடா)

பதில்: அந்த பஸ்ஸைப் பற்றித்தான் பேச வேண்டும். 2019-இல் அது போனது பொதுத்தேர்தலுக்கு அல்ல. டொரண்டோவின் டான் வேலி நார்த் தொகுதிக்கு லிபரல் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த உட்கட்சித் தேர்தலுக்கு. பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட 18 வயதும் குடியுரிமையும் வேண்டும். கட்சித் தேர்தலுக்கு அப்போது 14 வயதும் தொகுதியில் ஒரு முகவரியும் போதும். உறுப்பினர் கட்டணம்கூடக் கிடையாது. அந்தத் தொகுதியோ லிபரல் கோட்டை. வேட்பாளர் ஆனாலே பாதி எம்.பி. கதவைத் திறந்து போட்டது கட்சி. பழி மட்டும் ஷாங்காயில் பிறந்த டாங் தலையில்.

டாங் மேல் எனக்கும் வருத்தம் உண்டு. கனடியத் தேர்தல்களில் வெளிநாட்டுத் தலையீட்டை விசாரித்த ஆணையத்திடம் அவர் முதலில் பஸ்ஸைப் பற்றிச் சொல்லவே இல்லை. மனைவி நினைவூட்டிய பிறகுதான் சொன்னார். பொதுவாழ்வில் இருப்பவருக்கு இது அழகல்ல. ஆனால் பஸ்ஸுக்குப் பின்னால் சீனத் துணைத் தூதரகம் இருந்தது என்ற உளவுத் தகவல் கடைசிவரை உறுதியாகவில்லை.

அவரைச் சாய்த்தது பஸ் அல்ல, இன்னொரு செய்தி. சீனச் சிறையில் இருந்த இரண்டு கனடியர்களின் விடுதலையைத் தள்ளிப்போடச் சொன்னார் என்று 2023 மார்ச்சில் ஒரு தொலைக்காட்சி சொன்னது. சொன்னது யார்? பெயர் தெரியாத ‘வட்டாரங்கள்’. இந்த வட்டாரங்களோடு இந்தப் பக்கத்தில் நான் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். அன்றிரவே டாங் லிபரல் எம்.பி.க்கள் குழுவிலிருந்து விலகினார். ரகசியத் தகவல்கள் அவருடைய மறுப்பையே உறுதிப்படுத்துகின்றன என்று அந்த ஆணையத்தின் தலைவர் நீதிபதி ஹோக் எழுதியது 2025 ஜனவரியில். அந்த ஆண்டுத் தேர்தலில் டாங் நிற்கவில்லை. பெயர் சொல்லாதவருக்கு என்ன நஷ்டம்?

சரி, விசுவாசத்துக்கு வருகிறேன். ஜென்னி க்வான் ஹாங்காங்கில் பிறந்து, சிறுமியாக வான்கூவருக்கு வந்து எம்.பி. ஆனவர். பெய்ஜிங்கின் மனித உரிமை மீறல்களைக் கண்டித்துப் பேசுகிறவர். சீனா உங்களைக் குறிவைத்திருக்கிறது என்று 2023-இல் கனடிய உளவுத்துறையே அவரிடம் சொன்னது. அவரையும் பிறந்த ஊரை வைத்துத்தான் எடைபோடுவீர்களா? குடியேறியவர்கள் நிறைந்த மார்க்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே, நாளை உங்கள் பிள்ளை தேர்தலில் நின்றால் இதே கேள்விதான் வரும்.

அப்புறம் ஒன்று: குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இல்லாத வெளிநாட்டு மாணவர்கள் ஓட்டுப் போட முடியாதபடி லிபரல் கட்சி 2025 தலைவர் தேர்தலுக்கு விதியை மாற்றியது. 14 வயதை மட்டும் தொடவில்லை.