குருப்பட்டம் இருக்கு, ஆஸ்பத்திரி சாப்ளினாக முடியலையே?

ஸ்தோத்திரம் பாஸ்டர். குருப்பட்டமும் பி.டி.யும் (இறையியல் பட்டம்) இருந்தும், ஆஸ்பத்திரி சாப்ளின் வேலைக்கு, அதாவது நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லி ஜெபிக்கிற போதகர் வேலைக்குப் போனா "பயிற்சி இல்லை"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. அவங்க கேட்டது சி.பி.இ.யாத்தான் (Clinical Pastoral Education, ஆஸ்பத்திரியில நோயாளிகளைச் சந்திச்சே கத்துக்கிற போதகர் பயிற்சி) இருக்கும். வேலூர் சி.எம்.சி.யில் அந்தப் பயிற்சி உண்டு, முதல்ல அங்கே விசாரிங்க. (இந்தப் பயிற்சியை யூனிட் யூனிட்டாப் பிரிச்சு நடத்துவாங்க. அமெரிக்காவில் முழுச் சான்றுக்கு 4 யூனிட் கேட்பாங்க. நம்ம ஊர்ல ஒண்ணு முடிச்சாலே பேச்சு மாறும்.)

அந்தப் பயிற்சியில, நோயாளிகிட்ட பேசினதை ராத்திரி உட்கார்ந்து வரிக்கு வரி எழுதணும். மறுநாள் குழுவே பிரிச்சு மேயும். நான் பயிற்சி எடுத்தப்ப, ராயபுரத்துல ஒரு வார்டுல, காசிமேட்டு மீன்காரம்மா கட்டில்கிட்ட போன வேகத்துல கண்ணை மூடி ஜெபம் ஆரம்பிச்சவன் நான். "மொதல்ல குந்து நைனா, அப்பால சாமி கும்புடலாம்"னாங்க. அதை எழுதிக் காட்டினப்ப பயிற்சியாளர் கேட்டது ஒண்ணுதான்: "யாருக்குப் பயம், அவங்களுக்கா உங்களுக்கா?" இன்னிக்கும் பதில் சொல்லக் கூச்சமா இருக்கு.

அப்புறம், பேராயத்துல சம்மதக் கடிதம் இப்பவே வாங்கி வைங்க. ஞாயிறு ஆராதனையை யார் பார்ப்பாங்கன்னும் பேசிடுங்க, இல்லேன்னா நடுவுல கூப்பிட்டுக்குவாங்க. நீங்க இருக்கிற தண்டையார்பேட்டையிலேர்ந்து வேலூருக்குத் தினமும் போய்வர முடியாது. தங்க இடம் உண்டான்னும் சேர்த்துக் கேளுங்க.