மான் வேட்டைக்கு 40 டாலர் அம்பு போதுமா?

கேள்வி: மிச்சிகனில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர்களோடு போய்ப் பழகி, மான் வேட்டைக்காக 60 பவுண்டு இழுவிசை உள்ள காம்பவுண்ட் வில் (கப்பி வைத்த வில்) ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். என் இழுநீளம் 28 அங்குலம். வில்லுக்கே கைக்காசு கரைந்துவிட்டது. ஆறு அம்பு 40 டாலருக்கும் இருக்கிறது, 110 டாலருக்கும் இருக்கிறது. மலிவானதை வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம், அது உங்கள் வில்லுக்குப் பொருந்துகிற அம்பாக இருந்தால். பெட்டியில் .001, .003, .006 என்று எண்கள் இருக்கும். அம்புத் தண்டு நேராக இருப்பதில் எவ்வளவு பிசகு இருக்கலாம் என்பதை அங்குலத்தில் சொல்லும் அளவு அது. விலை ஏறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். 20, 25 கஜத்தில் எய்யும் புதியவரின் கைப்பிசகு இதைவிடப் பல மடங்கு பெரியது. அதற்காகக் காசு கொடுக்காதீர்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடாதது ஸ்பைன், அதாவது தண்டின் விறைப்பு. 28 அங்குல இடைவெளியில் தண்டைத் தாங்கவைத்து, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிடுவார்கள். அரை அங்குலம் தொய்ந்தால் அது 500 ஸ்பைன். எண் குறையக் குறைய விறைப்பு கூடும். உங்கள் அளவுக்குப் பெரும்பாலும் 400 வரும்; வேகமான வில்லாக இருந்தால் 340. தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் விறைப்பானதை எடுங்கள். தண்டை வெட்டிக் குட்டையாக்கினால் விறைப்பு கூடும், முனையின் எடையைக் கூட்டினால் குறையும். 'எல்லா வில்லுக்கும் ஏற்றது' என்று எழுதி ஸ்பைன் எண்ணே போடாத அம்பை இனாமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

அடுத்து எடை. இதைக் கிரெயினில் சொல்வார்கள்; 7000 கிரெயின் ஒரு பவுண்டு. இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெயினாவது வேண்டும், உங்களுக்கு 300. அதற்குக் கீழே போனால் அம்பில்லாமல் நாணை விடுவதுபோல அதிர்ச்சி முழுவதையும் வில்லே வாங்கிக்கொள்ளும். வேட்டைக்கு 400ஐ ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 8.5 கிரெயின் எடையுள்ள 28 அங்குலத் தண்டு 238 கிரெயின். 100 கிரெயின் முனையும், முனையைத் திருகும் இன்செர்ட், நாணில் மாட்டும் நாக், இறகுகளும் சேர்ந்தால் ஏறக்குறைய 400க்கு வந்துவிடும். சில பெட்டிகளில் இன்செர்ட் ஒட்டியிருக்காது, தண்டும் வெட்டியிருக்காது. அந்தக் கூலியையும் கேட்டுக்கொண்டு விலையை ஒப்பிடுங்கள்.

அலுமினிய அம்பும் நல்லதுதான். ஆனால் வளைந்தால் வளைந்தபடியே நிற்கும், பழகும் காலத்தில் அடிக்கடி வளையும். அதனால் கார்பனையே சொல்வேன். மர அம்பைக் காம்பவுண்ட் வில்லில் ஏற்றவே கூடாது.

மிச்சமாகும் பணத்தை பிராட்ஹெட்டில், அதாவது வேட்டைக்கான கூர்வெட்டு முனையில் போடுங்கள். இதில் சிக்கனம் பார்த்தால் வேதனைப்படுவது மான். மழுங்கிய முனை காயம் மட்டும் செய்யும். அடிபட்ட மான் காட்டுக்குள் ஓடி மணிக்கணக்கில் துடித்துச் சாகும். மிச்சிகன் விதிப்படி மானுக்கு எய்யும் பிராட்ஹெட் 7/8 அங்குல அகலத்துக்குக் குறையக் கூடாது. (இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் கவனிக்க: அங்கே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம்.) பயிற்சி முனையும் பிராட்ஹெட்டும் ஒரே எடையாக இருக்கட்டும். அப்படி இருந்தாலும் இரண்டும் ஒரே இடத்தில் போய்த் தைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அக்டோபர் 1 அன்று வில் வேட்டைக் காலம் தொடங்குமுன் பிராட்ஹெட்டையும் எய்து பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு தடவை எய்யுமுன்னும் கார்பன் தண்டை இரு கையால் பிடித்து, முகத்திலிருந்து தள்ளி வைத்து, லேசாக வளைத்துத் திருப்பிப் பாருங்கள். சின்னதாக நொறுங்கும் சத்தம் கேட்டாலும் அந்த அம்பை உடைத்துக் குப்பையில் போடுங்கள். விரிசல் விட்ட கார்பன் நாணை விடும்போது சிதறி, வில்லைப் பிடித்த கையிலேயே ஏறும்.