14 டேட்டாபேஸுக்கும் ஒரே கமாண்டா?

கேள்வி: எங்கள் டீமில் 14 மைக்ரோசர்வீஸ் (தனித்தனியாக ஓடும் சிறு சர்வீஸ்கள்), ஒவ்வொன்றுக்கும் தனி போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். மைக்ரேஷன் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) ஓட்ட ஒவ்வொன்றிலும் நுழைந்து வெளியே வருவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடுகிறது. எல்லாவற்றிலும் ஒரே கமாண்டில் ஓட்ட ஒரு டூல் எழுதப்போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: தாராளமாக எழுதுங்கள். ஆனால் அந்த 'ஒரே கமாண்ட்' கடைசியில் வரட்டும். முதலில், எந்த டேட்டாபேஸ் எந்த மைக்ரேஷன் வரை வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல மட்டும் ஒரு கமாண்ட் எழுதுங்கள். ஸ்டேஜிங் என்ற சோதனைச் சூழலில் ஓட்டிவிட்டு, பயனர்கள் பயன்படுத்தும் புரொடக்‌ஷனில் மறந்தவை அதிலேயே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

அப்புறம், எந்த சர்வரில் கை வைக்கிறோம் என்பதை டூல் பளிச்சென்று காட்ட வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று புரோகிராம்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேபில் ஒரு பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் டைரக்டரியை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது, பேக்கப்பும் பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்ததால் கிட்டத்தட்ட 6 மணி நேரத் தரவு திரும்பவில்லை. அதனால் புரொடக்‌ஷனில் வெறும் 'ஒய்' தட்டினால் போதும் என்று வைக்காதீர்கள், விரல் பழக்கத்தில் தட்டிவிடும். டேட்டாபேஸின் பெயரையே முழுதாக டைப் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது லாக், அதாவது ஒருவர் வேலை முடிக்கும் வரை மற்றவரைக் காக்க வைக்கும் பூட்டு. நீளமாக ஓடும் ஒரு குவெரிக்குப் பின்னால் டேபிளின் அமைப்பை மாற்றும் உங்கள் ஆல்டர் டேபிள் கமாண்ட் காத்து நின்றால், அதற்குப் பின் அந்த டேபிளுக்கு வரும் தரவைப் படிக்க மட்டும் செய்யும் சாதாரண செலக்ட் கூட வரிசையில் மாட்டிக்கொள்ளும், சர்வீஸ் செத்துப்போனது போலத் தெரியும். லாக்குக்காகக் காத்திருக்கும் உச்ச நேரமான லாக் டைம்அவுட்டைச் சில விநாடிகளில் வைத்து, கிடைக்காவிட்டால் விலகி மறுபடி முயலுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்டாமலிருக்க அட்வைசரி லாக் (டூல் தானே கேட்டு வாங்கும் பூட்டு) போதும். டேபிளில் எழுதுவதைத் தடுக்காமலிருக்க கன்கரன்ட்லி போட்டு உருவாக்கும் இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்), முழுதும் நடக்கும் அல்லது முழுதும் ரத்தாகும் டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடாது. பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸாக அங்கேயே கிடக்கும், அதையும் டூல் தேடிச் சொல்லட்டும்.

சரி, எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டும்போது 9-ஆவது தோற்றால்? டூல் அங்கேயே நிற்க வேண்டும். முதல் எட்டும் ஏற்கெனவே கமிட் ஆகி நிலையாகப் பதிவாகியிருக்கும், பதினான்கையும் சேர்த்துப் பின்வாங்க வழியில்லை. ஆகவே பழைய புரோகிராமும் புதிய புரோகிராமும் இரண்டுமே ஓடக்கூடிய மாற்றங்களாக எழுதச் சொல்லி டீமில் கறாராக இருங்கள்: முதலில் டேபிளில் புதிய நெடுவரிசையைச் சேர்ப்பது, பிறகு புரோகிராமை மாற்றுவது, பழைய நெடுவரிசையை நீக்குவது அடுத்த ரிலீஸில். இந்த ஒழுங்கு படிந்த பிறகு அந்த ஒரே கமாண்டைச் சேருங்கள்.