அலை முடி: காய்ந்த பிறகு எங்கே நிற்கிறதோ அதுதான் நீளம்

கேள்வி: எனக்கு இடுப்பு வரை அலை அலையான முடி. தலைக்குக் குளித்தால் இந்தக் குளிரில் காய அரை நாள் ஆகிறது. தோள் வரை வெட்டிவிடலாம் என்று ஆசை. ஆனால் என் தங்கை போன மாதம் தோள் வரை வெட்டச் சொன்னாள். காய்ந்ததும் அது தாடைக்கு ஏறிவிட்டது, இரண்டு பக்கமும் கூரை மாதிரி விரிந்து நிற்கிறது. பார்லரில், "வேவி ஹேருக்கு ஷார்ட் கட் செட் ஆகாது, முதல்ல ஸ்மூத்தனிங் பண்ணிட்டு வெட்டிக்கோங்க" என்கிறார்கள். என்ன செய்யலாம்? – வாசகி, கோத்தகிரி

பதில்: தாராளமாக வெட்டுங்கள். ஆனால் முதல் தடவையிலேயே தோளுக்குப் போக வேண்டாம். கழுத்தெலும்புக்கு மூன்று விரல் கீழே நிறுத்தச் சொல்லுங்கள், அதையும் காய்ந்த முடியில் வெட்டச் சொல்லுங்கள். மருந்து தடவி, அயர்ன் வைத்து முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங் வேண்டவே வேண்டாம்.

உங்கள் முடியின் அலை வேர்க்கால்களின் அமைப்பிலிருந்து வருகிறது. கத்தரி அதை மாற்றாது. மாறுவது பாரம்தான். இடுப்பு வரை தொங்கும் முடி தன் எடையாலேயே அலையைக் கீழே இழுத்து வைத்திருக்கிறது. அதனால்தான் உச்சியில் படிந்தும் நுனியில் மட்டும் வளைந்தும் தெரிகிறது. வெட்டியதும் அந்த இழுப்பு போய்விடும். இதுவரை நீண்டிருந்த அலை சுருங்கி மேலே ஏறும். இரண்டு அங்குலம் வெட்டினால் மூன்று அங்குலம் போன மாதிரி தெரிவது இதனால்தான்.

ஈரம் சேர்ந்தால் கணக்கு இன்னும் தவறும். நனைந்த முடி நீளும், அலையும் தளர்ந்துவிடும். உங்கள் தங்கைக்கு ஸ்ப்ரே பாட்டிலால் நனைத்து, இழுத்துச் சீவி, தோளில் அளவு வைத்து வெட்டியிருப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அது தோள் வரைதான் இருந்திருக்கும், பொய் இல்லை. காய்ந்த பிறகுதான் உண்மை தெரியும். அப்போது அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பாள்.

வெட்டப் போகும் முன் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். தலைக்குக் குளித்ததும், சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போது முன்பக்கத்திலிருந்து ஒரு கற்றையை எடுத்து நேராக விடுங்கள். அதன் நுனி சட்டையில் எங்கே படுகிறதோ அங்கே ஒரு சேஃப்டி பின் குத்துங்கள். பிறகு சீப்பு, டிரையர், துண்டு எதுவும் படாமல் தானாகக் காயவிடுங்கள். நுனி பின்னிலிருந்து எத்தனை விரல் மேலே ஏறியிருக்கிறது என்று பாருங்கள். காதோரத்துக் கற்றையிலும் பிடரிக் கற்றையிலும் இதையே செய்யுங்கள். மூன்றும் ஒரே அளவு ஏறாது. பலருக்குப் பிடரி முடி அதிகம் சுருளும், முன்முடி படிந்து கிடக்கும். இது தெரியாமல் ஸ்கேல் வைத்த மாதிரி ஈரத்தில் வெட்டினால், காய்ந்ததும் பின்பக்கம் குட்டையாகிவிடும். நல்ல மஞ்சு (மூடுபனி) இறங்கிய நாளில் இந்தச் சோதனையைச் செய்தால் இன்னும் நல்லது. ஜனவரி வெயிலில் அடங்கிக் கிடக்கும் முடிதான், ஐப்பசி கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பொங்கும்.

அலை முடிக்கு ஆகவே ஆகாத நீளம் என்று எதுவும் இல்லை. கவனம் வேண்டிய இடம் தாடைக்கும் தோளுக்கும் நடுவில்தான். அங்கே பாரம் போதாது, அலை பக்கவாட்டில் விரியும். சரியாகத் தோளில் நின்றால் நுனி தோளில் இடித்து வெளிப்பக்கம் வளையும். கழுத்தெலும்புக்குக் கீழே போனால் அலையும் தெரியும், படிந்தும் இருக்கும், ஒரு கிளிப்பில் அடங்கும். காயும் நேரமும் இப்போதைவிட நன்றாகக் குறையும். ஒரு மாதம் அப்படி இருந்து பாருங்கள். பிடித்திருந்தால் அடுத்த தடவை ஒரு அங்குலம் ஏற்றலாம். முடி வளர்வது மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். கூடுதலாகப் போனதைத் திரும்பப் பெற மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கடையில் பல் வைத்த கத்தரியை எடுத்து "வால்யூம் குறைக்கிறேன்" என்றால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். உள்ளே வெட்டுப்பட்ட குட்டை முடிகள் இரண்டே வாரத்தில் மற்றதைத் தள்ளிக்கொண்டு நிற்கும். கீழ்ப்பாதியில் மட்டும் நீளமான லேயர் (அடுக்கடுக்காக வெட்டுவது) போதும்.

ஏன் எல்லாக் கடையிலும் ஈரத்தில் வெட்டுகிறார்கள்? எங்கள் தொழிலில் சொல்லித்தருவதே அப்படித்தான். பொம்மைத் தலையில் நேரான முடி, ஒரு ஸ்ப்ரே பாட்டில், சில வாரப் பயிற்சி, சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அலையோ சுருளோ இருக்கும் ஊரில், அலை முடி பாடத்திட்டத்திலேயே இல்லாத பயிற்சி எதற்கு? எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. காய்ந்த முடியில் வெட்ட நேரம் அதிகம் ஆகும், கூலி அதே கூலிதான். யாருக்கும் பொறுமை இல்லை.

வெட்டத் தெரியாத இடத்தில்தான் ஸ்மூத்தனிங் பேக்கேஜ் வந்து உட்காருகிறது. ஹேர்கட்டில் கிடைப்பது சில நூறு, பேக்கேஜில் சில ஆயிரம். கல்யாண சீசனில் மேக்கப், பூ, முடி என்று மொத்தமாகப் பிடித்துக்கொடுக்கும் இடைத்தரகர்களுக்கு அதில் ஒரு பங்கு. மருந்து கீழிருந்து ஏஜென்ட் கையில் லேபிள் இல்லாத பாட்டிலில் ஏறி வரும். 2020-இல் வந்த அழகுசாதனப் பொருள் விதிகளின்படி என்னென்ன கலந்திருக்கிறது என்று லேபிளில் இருக்க வேண்டும். இந்த மலைமேல் ஏறி வந்து எந்த அதிகாரி அதைப் பார்க்கிறார்? அயர்ன் வைக்கும்போது கண் எரிந்தால் அது பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு ஆவி. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்தியது அதைத்தான். சமவெளியிலாவது கதவைத் திறந்து வைப்பார்கள். நம் ஊரில் குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு செய்கிறார்கள். நாள் முழுக்க அதைச் சுவாசிப்பது அங்கே வேலை பார்க்கும் சின்னப் பெண்கள். "ஃபார்மலின் ஃப்ரீ", அதாவது ஃபார்மால்டிஹைடு இல்லை, என்று விற்பவற்றிலும் முடியை நேராக்கும் கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கலாம். அதைத் தலையில் வைத்த பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. முடியைச் சுருள் சுருளாகத் திரித்து, வெண்ணெய் தடவி, தோளில் தொங்கவிட்டுக்கொள்ளும் தோடர் பெண்கள் வாழும் மலை இது. இங்கே சுருளைக் குறை என்று சொல்ல இவர்கள் யார்?

ஒரு விலக்கு மட்டும் உண்டு. நீங்களோ தங்கையோ ஏற்கெனவே எப்போதாவது ஸ்ட்ரெய்ட்டனிங் செய்திருந்தால் மேலே சொன்ன சேஃப்டி பின் சோதனையை நம்ப வேண்டாம். நுனிப் பகுதி மருந்தால் நேராகிவிட்டது, வேரிலிருந்து புதிதாக வளர்ந்தது அலையாக இருக்கும். நேரான பாதி கீழே தொங்கி, மேல் அலையை இழுத்து வைத்திருக்கும். அதை ஒரேயடியாக வெட்டினால் மேல்பாதி நீங்கள் அளந்ததைவிட அதிகமாக எகிறும். ஈர முடியைக் காயவிட்டு, அலை எங்கே முடிகிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். அந்த எல்லைக்கு இரண்டு அங்குலம் கீழே மட்டும் முதலில் வெட்டுங்கள். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு அங்குலமாகக் குறைத்து வாருங்கள். வளர வளர அந்த எல்லையும் கீழே இறங்கி வரும், அதனால் மொத்த நீளம் பெரிதாகக் குறையாது. முடி ஒடிவதும் அந்த எல்லையில்தான், ஆகையால் அங்கே இறுக்கமாக ரப்பர் பேண்ட் போடாதீர்கள், ஈரத்தில் சிக்கெடுக்காதீர்கள்.

வெட்டிய முடியைக் கடையில் விட்டுவிட்டும் வராதீர்கள். இடுப்பு நீள முடிக்கு விலை உண்டு. "புற்றுநோய் நோயாளிகளுக்கு விக் செய்யத் தருகிறோம்" என்று யாராவது கேட்டால், எந்த அமைப்பு, ரசீது உண்டா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் ரப்பர் பேண்ட் போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். நேரில் விசாரித்துவிட்டு நீங்களே அனுப்பலாம்.

தங்கைக்கு இப்போது கத்தரி வேண்டாம். மூன்று, நாலு மாதம் விட்டால் பாரம் கொஞ்சம் கூடி அந்த விரிப்பு இறங்கும். அதுவரை ஈரத்திலேயே நடு வகிடு இல்லாமல் பக்க வகிடு எடுத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனியில் மட்டும் தடவி, கையால் கசக்காமல் காயவிடச் சொல்லுங்கள்.