ஆறாயிரம் ரூபாய்க்கு என்ன கணக்கு?

கேள்வி: பையன் பி.இ. முடித்து நல்ல கம்பெனியில் இருந்தான். வேலையை விட்டுவிட்டு, கிட்டாரும் டோலக்குமாக மாடியறையில் வெட்டியாக உட்கார்ந்திருக்கிறான். கேட்டால் ‘இண்டி ஃபோக்’ என்கிறான். சினிமாவில் யாரையாவது போய்ப் பாரேன்டா என்றால் முறைக்கிறான். போன மாதம் ஒரு கச்சேரியில் வந்த 12 ஆயிரத்தில் பாதியை, பாட்டுக் கொடுத்தாராம், காசிமேட்டுக் கானாப் பெரியவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான். இவன் தேறுவானா?
– ஒரு தகப்பன், தண்டையார்பேட்டை

பதில்: தேறுவானா என்று ஜோசியம் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆறாயிரத்தைத் தண்டச் செலவில் எழுதாதீர்கள். நீங்கள் சொன்னதிலேயே உருப்படியான காரியம் அதுதான்.

சினிமாவை முதலில் முடித்துவிடுவோம். தென்மாவும் உங்கள் பையன் சொல்லும் ‘இண்டி’தான், அதாவது சினிமாவைச் சாராத சுயாதீன இசைக்காரராக இருந்தவர். 2017-ல் பா. இரஞ்சித்தோடு சேர்ந்து ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை உருவாக்கினார். கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில் ஏறிய அந்த முதல் கச்சேரி 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் நடந்தது. ‘நட்சத்திரம் நகர்கிறது’ படத்துக்கு அவர் இசையமைத்தது 2022-ல். எல்லோருக்கும் அப்படி அமையாதுதான். கோடம்பாக்கத்துக்கு நடந்தே செருப்புத் தேய்ந்தவர்களுக்கும் அமையவில்லையே!

சம்பாத்தியமா? ஆன்லைனை நம்பினால் டீச்செலவுக்குக்கூடக் காணாது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் ஆயிரம் முறையாவது ஓடினால்தான் பதிவுக்குக் காசு என்று 2024-ல் விதியே போட்டுவிட்டார்கள். அடுப்பு எரிவது கச்சேரியில். அடுத்தவர் பாட்டை மிக்ஸிங் செய்து கொடுப்பதில். விளம்பரத்துக்கும் குறும்படத்துக்கும் இசை போடுவதில். உங்கள் மாடியறையில் நடப்பது அந்தத் தொழிலுக்கான பயிற்சிதான். கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டி கத்தி ஓயும்வரை காத்திருந்து, ஃபேனை நிறுத்தி, ஜன்னலுக்குக் கம்பளி போட்டு மூடி, சொட்டச் சொட்ட வியர்த்தபடி ஒரே வரியை ஏழெட்டுத் தடவை பாடுவதற்கு ‘வெட்டி’ என்று பேர் வைத்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்போது ஆறாயிரத்துக்கு வருகிறேன். நாட்டுப்பாட்டு, ஊர்ச் சொத்துதானே என்று ஒரு நினைப்பு நம்மிடம் உண்டு. கானா அப்படி இல்லை. சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து, செத்தவர் பேரையும் அவர் பிடித்த பீடியையும் வைத்து அங்கேயே வரி கட்டிப் பாடிய ஆள் ஒருவர் இருக்கிறார். ஒலிப்பதிவில் ஏறிய அவருடைய சொந்த வரிக்கு, எந்த ஆபீஸிலும் போய்ப் பதியாமலே, 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி அவர்தான் சொந்தக்காரர். ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகும் 60 வருஷம்.

பையனுடையது ஒலிப்பதிவு. அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துப் பதிவை உருவாக்கியவரைத்தான் சட்டம் தயாரிப்பாளர் என்கிறது. நாளைக்கு எவராவது ஸ்டூடியோ பிடித்து, செலவை ஏற்று, ‘வா தம்பி, பாட்டு பண்ணிக் கொடு’ என்றால், இசை அமைத்ததற்காகப் போஸ்டரில் ‘மியூசிக் புரொட்யூசர்’ என்று இவன் பேர் இருக்கும், பதிவு அவருடையதாக இருக்கும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். கம்பெனிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் ‘நிரந்தரமாக, உலகம் முழுக்க’ என்று அச்சடித்தே நீட்டுவார்கள். அதைக் கண்டால் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், மகனிடம் ஒன்று கேளுங்கள். பெரியவரோடு பங்கு பேசியதை எழுதி வைத்திருக்கிறானா? பாட்டை ஏற்றியபோது பாடலாசிரியர் என்ற கட்டத்தில் யார் பேரைப் போட்டான்? அவர் காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருக்கும்போது ‘பாரம்பரியப் பாடல்’ என்று போட்டிருந்தால், தாராளமாகத் திட்டுங்கள். என் பங்குக்கும் இரண்டு சேர்த்து.